வளையல் போட்ட முள்

ஜனவரி 6

இராமநாதபுரத்திலிருந்து திரும்பும் பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க பேரு என்னம்மா?" என்றார். "பரிமளா" என்றேன். முன் சீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து ஐந்து மாதம். இரண்டு சோப்பு போட்டுக் குளித்தாலும் வாடை போவதில்லை.

இன்று நம்பு அக்கா இரண்டு வாளி கொண்டுவந்தார். முழுப்பெயர் நம்புலெட்சுமி. பாசி எடுக்கும் பெண். மாதத்தில் பன்னிரண்டு நாள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி, கல்லில் ஒட்டிய பாசியைக் கையால் பிய்க்கிறார். அந்தக் கல்லிடுக்கில்தான் என் ஆராய்ச்சிப் பிராணியும் இருக்கிறது: கடல் முள்ளெலி. எலுமிச்சையை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை, உடம்பெல்லாம் முள். இங்கே எல்லாரும் வெறுமனே முள்ளு என்கிறார்கள். அக்காவின் விரல்களில் கிழிந்த துணி சுற்றியிருக்கும், அப்படியும் குத்தியிருக்கும்.

ஒரு வாளியில் "ஆம்பளை" ஐந்து, இன்னொன்றில் "பொம்பளை" ஐந்து. ஊசி போட்டதும் ஆம்பளை வாளியில் மூன்று, ஆரஞ்சு நிறத்தில் முட்டை விட்டன. பொம்பளை வாளியில் இரண்டிலிருந்து பால் போல விந்து வந்தது. முள்ளெலியில் வெளியிலிருந்து பார்த்து ஆண் பெண் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அக்கா குத்துமதிப்பாகப் போடுகிறார், பாவம்.

"எதுக்கு இவங்க தனித்தனியாக் கொண்டாறாங்க?" என்று சாதிக் கேட்டான். பவளப்பாறை ஆராய்ச்சிக்காரன், கீழக்கரை, என்னைவிட இரண்டு வருடம் மூத்தவன்.

"அவங்க பழக்கம்" என்றேன்.

ஜனவரி 8

நேற்று மாலை ஐந்துக்கு முட்டையையும் விந்தையும் சேர்த்து வைத்தேன். காலை எட்டு மணிக்கு எட்டிப்பார்த்தபோது ஒரு தட்டில் குஞ்சுகளுக்குள் சுண்ணாம்புக் கம்பி முளைத்திருந்தது. பக்கத்துத் தட்டில் மதியம் ஒரு மணிக்குத்தான் முளைத்தது. ஒரே தண்ணீர், ஒரே சூடு. என்ன கோளாறோ.

ஜனவரி 11

இரண்டாம் சனிக்கிழமை, பேராசிரியர் நாகசுந்தரம் வந்தார். என் வழிகாட்டி. மதுரையிலிருந்து மாதம் இரண்டு முறை காரில் வந்து, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தொட்டிப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவார். மீன் வாடை அவருக்குத் தலைவலி.

என் வேலை எளிதாகச் சொன்னால் இதுதான். ஒரு முட்டை உடம்பாக மாற மரபணுக்கள் ஒவ்வொன்றாக விழிக்க வேண்டும். ஒன்று இன்னொன்றை எழுப்பும். இன்னொன்று வேறொன்றை விழிக்க விடாமல் தடுக்கும். யார் யாரை எழுப்புகிறார், யார் யாரைத் தடுக்கிறார் என்று கோடு போட்டால் ஒரு வலை வரும். முள்ளெலிக் குஞ்சுக்குள் முதலில் முளைப்பது முடி அளவு சுண்ணாம்புக் கம்பி. அந்தக் கம்பியை முளைக்க வைக்கும் வலையை வெளிநாட்டு முள்ளெலியில் வரைந்து முடித்துவிட்டார்கள். நம் கடல் முள்ளெலியிலும் அதே வலை, அதே நேரக்கணக்கு என்று காட்டவேண்டியது நான். பேராசிரியர் அதை ஒரு மாநாட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முடிவு வந்தாயிற்று, ஆராய்ச்சிதான் பாக்கி.

என் வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு சோடியின் முட்டையும் விந்தும் சேர்ந்தால் ஒரு தொகுதி. கம்பி ஒரு தொகுதியில் பதினைந்து மணி நேரத்தில் வருகிறது, ஒன்றில் இருபது, ஒன்றில் பதினேழரை.

"பரிமளா, நீ இங்க கடல் பாக்க வந்தியா, வேலை பாக்க வந்தியா?"

"வேலைதான் சார்."

"கம்ப்யூட்டர்லயே மரபணு பாத்துட்டு வந்தவங்களுக்கு ஆய்வகத்துல கை வராது. நான் அப்பவே சொன்னேன். மார்ச் பன்னெண்டு ரிவ்யூ. எண்ணெல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கணும். இல்லன்னா உன் பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணச் சொல்லுவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மார்ச் 12. அறுபது நாள் இருக்கிறது. ரத்தானால் நான் வியாசர்பாடிக்குத் திரும்பி, படித்த பெண்ணுக்கு வேலை இல்லை என்று தெருவே பார்க்க உட்கார வேண்டும். எங்கள் தெருவில் முனைவர் பட்டத்துக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் போகலாமா என்று யோசிப்பவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. தொட்டிக்கு யார் தண்ணீர் மாற்றுவது?

மதியம் விடுதியில் மீன்குழம்பு! சாதிக்குக்கு இந்த வலை விஷயம் என்றுமே புரிந்ததில்லை. இன்று புரிய வைத்தேன்.

"விடுதியில மீன்குழம்பை நிறுத்தி வச்சது யாரு?"

"வார்டன். வாசனை ஆகாதுன்னு."

"இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"வார்டன் வீட்டம்மா ஊர்லேருந்து வந்திருக்காக. அவரு வீட்டை விட்டு வெளிய வரல."

"அந்தம்மா குழம்பு வச்சாங்களா?"

"அவுகளுக்கு இங்க மெஸ் இருக்குறதே தெரியாது."

"ஆனா அவங்க வந்தா மீன்குழம்பு. அவ்ளோதான். தடுக்குற ஆளைத் தடுக்க ஒரு ஆள். என் முள்ளுக்குஞ்சுல கம்பி முளைக்கிறதும் இப்படித்தான்."

சாதிக் ஒரு துண்டு மீனை என் தட்டில் வைத்து, "தோழர் பரிமளா, உங்க ஆராய்ச்சி வாழ்க" என்றான். நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறேனாம், அதனால் தோழர்.

ஜனவரி 18

வாயிற்காவலர் இன்று அக்காவை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினார். பதிவேட்டில் அவர் வந்த நாட்களைப் புரட்டினேன். "பாசிக்காரி. பின் கேட்." எல்லா நாளும் அதேதான். பேராசிரியருக்கு மட்டும் பெயர், பட்டம், கார் எண், எல்லாம். காவலரிடம் சத்தம் போட்டேன். "பேரு தெரியாதும்மா" என்றார். ஐந்து மாதமாக வாரம் இரண்டு நாள் வருகிறவரின் பெயர்! கேட்டால்தானே தெரியும். எனக்கு இந்த நாட்டின் மேலேயே கோபம் வந்தது.

அக்கா சிரித்துக்கொண்டே, "விடுங்க டீச்சர். பேரச் சொன்னாலும் அந்தாளு தப்பாத்தேன் எழுதுவாரு" என்றார்.

இன்று பொம்பளை வாளியில் ஐந்தில் நான்கு ஆண்.

ஜனவரி 25

பேராசிரியர் வந்தார். மொத்தம் 31 தொகுதி. கம்பி முளைத்த நேரங்களைப் போட்டுப் பார்த்தால் மூன்று கும்பலாக நிற்கின்றன: பதினைந்து மணியை ஒட்டி ஒன்பது, இருபதை ஒட்டி எட்டு, நடுவில் பதினேழு, பதினெட்டில் பதினான்கு. சராசரி பதினேழரை. அவர் பேனாவை எடுத்து இரண்டு ஓரத்தையும் அடித்தார்.

"சராசரியை ஒட்டி நிக்கிறதுதான் சுத்தமான டேட்டா. மத்ததெல்லாம் உன் கைப்பிழை. தண்ணி சூடா இருந்திருக்கும், முட்டை பழசா இருந்திருக்கும். எடுத்துடு."

"பதினேழு தொகுதி சார். பாதிக்கு மேல."

"அப்ப பாதிக்கு மேல தப்பா பண்ணியிருக்க."

ஜனவரி 26

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். மாலையில் கணினிக் கோப்பிலிருந்து அந்தப் பதினேழையும் அழித்தேன். அழித்தவற்றை எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை என்று பேராசிரியருக்கு எழுதினேன். பென் டிரைவில் ஒரு நகல் இருக்கிறது.

ஜனவரி 28

உடம்பு சரியில்லை. வேலை பார்க்கவில்லை. உடம்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3

கருக்களின் மரபணு எழுத்துக்களைப் படித்த முடிவுகள் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து வந்தன. "சுத்தமான" பதினான்கு தொகுதிகளை மட்டும் அனுப்பியிருந்தேன். இது என் கோட்டை. கை வராது என்று இங்கே யாரும் சொல்லமுடியாது.

குப்பை. கம்பி மரபணுவின் வரிசையில் ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து. பாதிக்குப் பாதி. அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தால் சகஜம். இங்கே ஏறக்குறைய நாற்பது இடங்களில், பதினான்கு தொகுதிகளிலும் அதே நாற்பது இடம். இரண்டு வெவ்வேறு பிராணிகளை ஒரே குழாயில் போட்டு ஆட்டினால்தான் இப்படி வரும்.

சாதிக்: "கை கழுவாம வேலை பாத்தியா?"

சோற்றுத் தட்டை அவன் தலையில் கவிழ்க்கலாம் என்று இருந்தது.

பிப்ரவரி 5

கணினியில் கணக்கை நான்கு தடவை திரும்பப் போட்டேன். அதேதான். கலப்படம் என்றால் தாறுமாறாக இருக்கவேண்டும். இது அச்சடித்த மாதிரி பாதிக்குப் பாதி. ஓரத்தில் நின்ற பழைய தொகுதிகளின் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. மூன்றை எடுத்து அனுப்பினேன். பேராசிரியருக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

ஓரத்துத் தொகுதிகளில் இரட்டை எழுத்தே இல்லை. பதினைந்து மணித் தொகுதியில் ஓர் எழுத்து. இருபது மணித் தொகுதியில் அதே இடத்தில் வேறு எழுத்து. நாற்பது இடத்திலும்.

வாளிகளைக் கொட்டிவிட்டுத் தொட்டியருகில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, ஆம்பளை பொம்பளைன்னு எதை வச்சுப் பிரிக்கிறீங்க?"

"எதை வச்சா? கண்ணை வச்சுத்தேன்."

"இல்லக்கா, நிஜமா."

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, முள்ளப் பாருங்க. செவப்பு, வெள்ளை, செவப்பு, வெள்ளைன்னு வளையல் போட்டுருக்குல்ல? இது பொம்பளை." இன்னொன்றை எடுத்தார். "இதுக்கு வளையல் கெடையாது. மொட்டை முள்ளு, நுனி மட்டும் பச்சை. இது ஆம்பளை."

"இது ரெண்டும் சேர்ந்தா இருக்கும்?"

"ஏன் சேந்து இருக்கப் போகுது? வளையல் போட்டது மேக்கால பாசிக்கல்லுல கெடக்கும். மொட்டை அங்குட்டு ஆழத்துல, மணல் பக்கம்."

"புருஷன் பொண்டாட்டி தனித்தனி ஊர்லயா இருக்கு?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு டீச்சர் சொன்னா புருஷன் பொண்டாட்டின்னு? இது வேற சாதி முள்ளு, அது வேற சாதி முள்ளு. நாங்க சும்மா ஆம்பளை பொம்பளைம்போம். மல்லுக்கட்டுனா முள்ளு ஒடைஞ்சு போறது வளையல். கையில இறங்குனா வெளிய வராதது மொட்டை. எது ஆம்பளைன்னு நீங்களே பாத்துக்கங்க."

பக்கத்தில் இருந்த அவரது தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுந்து ஓடினேன்.

இரவுவரை பொறுக்கவில்லை, அதே நிமிடம் கணினியைத் திறந்தேன். இரண்டு இனங்கள். பதினைந்து மணியில் கம்பி விடுவது வளையல் இனம். இருபது மணி மொட்டை இனம். நடுவில் நின்ற பதினான்கும் ஒன்றின் முட்டை, மற்றதன் விந்து. அதாவது சுத்தமான டேட்டா என்று பேராசிரியர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த பதினான்கும் கலப்பு. ஒன்றுகூட விடாமல். கலக்காத பதினேழையும் அழுக்கு என்று அடித்துத் தள்ளியிருக்கிறார்.

நான் சிரித்த சிரிப்பில் சாதிக் ஓடிவந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிப்ரவரி 11

காலையில் சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிவிடுகிறேன்.

தனித்தனி வாளியில் கொண்டுவந்தது அக்காவின் பழக்கம் இல்லை. ஆகஸ்டில் வந்த முதல் வாரம் நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "முள்ளெலி. ஆண் 5, பெண் 5." அதுவரை கணினித் திரையில் தவிர எந்தப் பிராணியையும் பார்த்ததில்லை. மாட்டை ஓட்டி வருவதுபோல் பிரித்து ஓட்டி வருவார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத்தான் வெளியிலிருந்து சொல்லமுடியாது என்று படித்தேன். சீட்டைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. கணினிக்காரிக்குக் கை வராது என்று சொல்வார்கள். விட்டுவிட்டேன். அவரோ நான் கேட்டபடியே, ஆறு மாதம், ஒரு முறைகூடத் தவறாமல் கொண்டுவந்தார். அவர் தெரியாமல் போடுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நிறம் ஒரே இனத்துக்குள்ளும் மாறும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, அதையும் பிடித்துக்கொண்டேன்.

வாயிற்காவலரிடம் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வருகிறது. அவர் அக்காவின் பெயரைக் கேட்கவில்லை. சரி, நான் பெயரைக் கேட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 14

அக்காவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியலைன்னு வீட்ல போயிச் சொன்னேன்."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"படிச்சவுக எழுதிக் குடுத்துருக்கீக. நம்ம சொன்னா கேப்பீகளான்னு பேசாம இருந்துட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். முன் வாசலில் உட்கார்ந்துதான் குடித்தோம். காவலர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 19

இப்போது வளையல் தனி, மொட்டை தனி. வேண்டுமென்றே நான்கு விதமாகச் சேர்க்கிறேன். மாலை ஐந்துக்குச் சேர்த்தால் காலையில் பார்க்கலாம். கையில் நல்ல பழக்கம் வந்துவிட்டது. கை வராது என்றவர் வந்து பார்க்கட்டும்.

பிப்ரவரி 27

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பெரிதாக எழுதக் கூசுகிறது, எழுதுகிறேன்.

இரண்டு இனத்துக்கும் கம்பி செய்யும் மரபணு ஒன்றுதான். பின் ஏன் ஒன்று பதினைந்து மணியில் விழிக்கிறது, மற்றது இருபதில்? இரண்டு காரணம் இருக்கலாம். மரபணுவின் பக்கத்தில் உள்ள சுவிட்ச் மாறியிருக்கலாம். அல்லது சுவிட்ச் அதேதான், அதை அழுத்தும் கை தாமதமாக வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, இரண்டு சுவிட்சையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்ப்பது. கலப்புக் குஞ்சு அந்த வீடு. அதற்குள் அம்மா தந்த பிரதி ஒன்று, அப்பா தந்த பிரதி ஒன்று. அழுத்தும் கைகள் இரண்டுக்கும் பொது. நாற்பது எழுத்து வித்தியாசம் இருப்பதால் எந்தப் பிரதி எப்போது விழித்தது என்று என்னால் பிரித்துப் பார்க்கமுடியும்.

பார்த்தேன். வளையல் பிரதி முதலில் விழித்தது. மொட்டைப் பிரதி பின்னால். ஒரே செல், ஒரே கைகள், ஆனால் அவரவர் நேரம். கை மாறவில்லை, சுவிட்ச்தான் மாறியிருக்கிறது. அம்மா அப்பாவை மாற்றிப்போட்டுப் பார்த்தேன், அப்போதும் அப்படியே.

இரண்டு இனங்கள் பிரிந்து எத்தனை லட்சம் வருடமோ. ஆட்களை மாற்றவில்லை, யார் எப்போது யாரை எழுப்பலாம் என்ற கோட்டில் ஒன்றை மட்டும் இழுத்துப் போட்டு இயற்கை இரண்டு விதமான உடம்பைச் செய்திருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் வலை பொய்யில்லை. ஆனால் அது ஊருக்கு ஊர் மாறும்.

நானும் சாதிக்கும் பரோட்டா சாப்பிடப் போனோம். நான் ஐந்து.

மார்ச் 8

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு உட்பட.

"அந்தப் பதினாலு தொகுதியை நான் போன மாசம் இன்னொரு மாநாட்டுல காட்டியாச்சு."

"தெரியும் சார்."

"ரெண்டு இனம்னு யார் சொன்னா? வகைப்பாட்டு நிபுணர் யாராவது பாத்தாங்களா?"

"நம்புலெட்சுமின்னு ஒரு அக்கா. பாசி எடுக்குறவங்க."

"பாசி எடுக்குற அம்மா சொன்னாங்கன்னு கமிட்டி முன்னாடி சொல்லப்போறியா?"

"ஆமா சார்."

"பரிமளா, உனக்காகத்தான் சொல்றேன். பதினாலைக் காட்டு. தப்பிச்சுடுவ. பட்டம் வாங்கினப்புறம் எத வேணா ஆராய்ச்சி பண்ணு. முப்பத்தொண்ணையும் காட்டினா, பிராணியைக்கூடப் பாத்து வாங்கத் தெரியாத பொண்ணுன்னு பதிவைக் கிழிச்சுடுவாங்க. நான் உனக்காகப் பேச மாட்டேன்."

கெட்டவர் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அவர் குரல் உண்மையிலேயே பயந்திருந்தது. எனக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இருக்கலாம்.

மார்ச் 10

இரண்டு வரைபடமும் தயார். எதைக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன் என்று சாதிக்கிடம் சொன்னேன். இன்னும் செய்யவில்லை.

மார்ச் 12

மூன்று பேர். நாகசுந்தரம், நிலையத் தலைவர், வெளியிலிருந்து வந்த டாக்டர் மனோன்மணி. குட்டையான ஆள், பெரிய கண்ணாடி, வந்ததும் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு முள்ளெலியை எடுத்துப் பார்த்தவர். அந்தக் கையைப் பார்த்ததும் முடிவு தானாக வந்துவிட்டது. முப்பத்தொன்றையும் காட்டினேன். சீட்டைச் சொன்னேன். பதினேழை அழித்ததைச் சொன்னேன், யார் சொல்லி என்பதையும் சொன்னேன். நாகசுந்தரம் தண்ணீர் குடித்தார்.

மனோன்மணி கலப்பு வரைபடத்தில் நீண்ட நேரம் நின்றார்.

"இது நல்லா இருக்கு. ஆனா எல்லாமே ஒரு விஷயத்துல நிக்குது. ரெண்டு இனமும் சரியாப் பிரிச்சிருக்கணும். பிரிச்சது யாரு?"

"நம்புலெட்சுமி, மேடம்."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"கடல், மேடம்."

நிலையத் தலைவர் இருமினார். மனோன்மணி சிரிக்கவில்லை. "அவங்க இப்ப எங்க?"

"கரையில."

"கூப்பிடுங்க."

அக்கா ஈரச் சேலையோடு வந்தார். குளிரூட்டிய அறையில் உடம்பு நடுங்கியது. நாற்காலியைக் காட்டியதும், "நனைஞ்சுருமே" என்று நின்றுகொண்டார். பாசிப் பெண்கள் அன்று கொண்டுவந்து இன்னும் பிரிக்காமல் கிடந்த தொட்டியிலிருந்து மனோன்மணி தன் கையால் இருபது முள்ளெலிகளை அள்ளி, ஒவ்வொன்றின் முள்ளிலும் எண் ஒட்டி, இரண்டு வாளிகளோடு மேசைமேல் வைத்தார்.

"இதைப் பிரிச்சுக் காட்டுவீங்களாம்மா?"

"பரிச்சையா? எனக்கா?" அக்கா என்னைப் பார்த்தார். "நான் பெயிலானா இந்தப் புள்ளைக்கு வேலை போயிருமா?"

தலைவர் தாளைப் புரட்டினார். அதுவே பதில்.

அக்கா விரல் துணியைப் பல்லால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். அதுவரை விளையாட்டாகப் பார்த்த தலைவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு வேகம். வளையல், மொட்டை, வளையல், வளையல், மொட்டை. பதினாறாம் எண்ணில் நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். எந்த வாளியிலும் போடாமல் மேசையில் தனியாக வைத்தார்.

"அது?" என்றார் மனோன்மணி.

"இது ரெண்டு வீட்டுப் புள்ள. எதுலயும் போட மாட்டேன்."

நாகசுந்தரம் முதல் முறையாக வாய் திறந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும்மா."

"தெரியலைங்கிறது வேறங்கய்யா. ரெண்டும் தெரியுதுங்கிறது வேற."

அக்கா மிச்சம் இருந்த நான்கையும் பிரித்து முடித்தார். அதையும் ஏதாவது ஒரு வாளியில் போட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எங்கள் ஆய்வகக் கலப்புக் குஞ்சு எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் வளர்ந்ததில்லை. கடலில் வளர்ந்த ஒன்று இருப்பதாக எந்தப் பதிவையும் நான் படித்ததில்லை.

முடிவு: இருபதிலிருந்தும் ஒரு முள் நுனியை மனோன்மணியே வெட்டி எடுத்துப்போகிறார், தன் ஆய்வகத்தில் எழுத்துக்களைப் பார்க்க. அக்கா பிரித்தது சரி என்றால் என் பதிவு தொடரும். ஒன்று தவறினாலும் ரத்து. மனோன்மணி தன் குறிப்புத் தாளில் பதினாறாம் எண்ணுக்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்டார். "ரெண்டு வீட்டுப் பிள்ளை" என்றேன். தமிழிலேயே எழுதிக்கொண்டார்.

மார்ச் 15

சோறு இறங்கவில்லை என்று எழுத நினைத்தேன். நன்றாகத்தான் இறங்குகிறது. வார்டன் வீட்டம்மா மறுபடி வந்திருக்கிறார்.

மார்ச் 19

அக்கா என்னைவிடக் கவலையாக இருக்கிறார். "அந்த ஒண்ண ஏதாச்சும் ஒரு வாளியில போட்டுத் தொலைச்சிருக்கணும். எங்க ஆத்தா சொல்லும், உனக்கு வாய்தேன் எமன்னு."

"உங்களுக்குச் சந்தேகமா அக்கா?"

"சந்தேகமே இல்ல. அதான் பயமா இருக்கு. நமக்குத் தெரிஞ்சது அவுகளுக்குத் தெரியணுமே."

மார்ச் 24

காலை பதினொன்றே காலுக்கு மனோன்மணியின் மின்னஞ்சல். முதல் வரியே, பதிவு தொடரலாம். படித்துவிட்டுத் தொட்டி அறையைச் சுற்றி ஒரு முறை ஓடினேன். பிறகுதான் கீழே படித்தேன்.

பத்தொன்பதும் அக்கா சொன்னபடி. பதினாறாம் எண்ணில் நாற்பது இடத்திலும் இரண்டிரண்டு எழுத்து, பாதிக்குப் பாதி. ஒரு வீட்டின் முட்டை, இன்னொரு வீட்டின் விந்து. கடலிலேயே பிறந்து, கல்லிடுக்கில் வளர்ந்து, முள் விட்டு ஆளாகி நிற்கிறது. இதை நீங்கள் தனிக் கட்டுரையாக எழுதவேண்டும், அந்த அம்மாவின் பெயர் அதில் ஆசிரியர் வரிசையில் இருக்கவேண்டும் என்று மனோன்மணி எழுதியிருந்தார். அதை நானே சொல்வதாக இருந்தேன், முந்திக்கொண்டார்.

நாகசுந்தரம் தொலைபேசியில் அழைத்தார். "எனக்கு ஆரம்பத்துலேயே ரெண்டு இனமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு பரிமளா." ஆமாம் சார் என்றேன். நல்ல நாளில் யாரோடு சண்டை போடுவது? நாளை போட்டுக்கொள்ளலாம்.

அக்காவைப் போனில் கூப்பிட்டேன். ஒரே காற்றுச் சத்தம், படகு மோட்டார், பெண்கள் எதற்கோ கத்திச் சிரிப்பது.

"அக்கா, பாஸாகிட்டோம்! இருபதும் சரி! அந்தப் பதினாறாவது நிஜமாவே ரெண்டு வீட்டுப் புள்ளதான்!"

"அதத்தேன் நான் அன்னிக்கே சொன்னேனே."

"இல்லக்கா, இதுவரைக்கும் கடல்ல யாருமே இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல."

"யாரு பாத்ததில்ல? தெக்கால ஒரு பாறை இருக்கு, மேக்குக் கல்லும் ஆழமும் சேர்ற எடம். அங்குட்டு அம்புட்டும் அதுதேன். வளையல் பாதி, மொட்டை பாதின்னு கூடை கூடையாக் கெடக்கு."

கூடை கூடையாக!

"ஏன்க்கா இதை யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

"நான் கேக்குறேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"போவம். கழுத்தளவு தண்ணி. நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

அங்கே அக்கா யாரிடமோ திரும்பி, "மெட்ராசுக்காரிக்கு நீச்சல் தெரியாதாம்டி" என்று சொல்ல, படகே சிரித்தது.

"சரி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கரைக்கு வாங்க, பழக்கி விடுறேன். பழைய சுடிதாராப் பாத்துப் போட்டுக்கிட்டு வாங்க, புதுசு வீணாப் போயிரும்."

என்னிடம் இருப்பது எல்லாமே பழையதுதான். ஆறரைக்கே போய் நிற்பேன்.